லென்ஸ் போடுங்க, தண்ணி மட்டும் படவேணாம்

கண்டியில் இப்போது கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் பேசப் போனால், சேலை என்ன, ஜடை என்ன என்று கேட்பதற்கு முன்பே பார்லரில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "லென்ஸ் என்ன கலர் போடுறது?" சாம்பல், தேன் நிறம், ஹேஸல், சிலவேளை பச்சை. ஒசரி கட்டும் சிங்களப் பெண்ணானாலும், கூறைச்சேலை கட்டும் எங்கள் பெண்ணானாலும், அக்குறணையிலிருந்து வரும் முஸ்லிம் பெண்ணானாலும், அல்பத்தைப் புரட்டினால் எல்லோருக்கும் ஒரே கண்தான்.

போன வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ட்ரயல் மேக்கப்புக்குப் பெண்ணோடு நானும் துணைக்குப் போனேன். அலங்காரம் செய்கிறவர் லாச்சியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். இரண்டு குழி, இரண்டு மூடி, உள்ளே சாம்பல் நிற லென்ஸ் இரண்டு மிதந்தன.

"இது புதுசா அக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணுக்கு ஒரே ஒருக்காதான் போட்டது. சொலூஷன்ல ஊறிக்கிட்டேதான் இருக்கு. ஒண்ணும் ஆகாது."

மூடியின் உட்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது. பாசி பிடித்த கல்லைத் தொட்டதுபோல ஒரு வழுவழுப்பு. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. அது பாக்டீரியாக்கள் சேர்ந்து தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் ஒரு படை. அந்தப் படைக்குள் இருக்கும் கிருமிகளை லென்ஸ் சொலூஷன் லேசில் தொடமுடியாது. ஊறிக்கொண்டே இருப்பதால் சுத்தம் என்று அந்த அக்கா நம்பியது அவர் குற்றமென்றுகூடச் சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பெண்ணின் அம்மாவும் "ஒரு நாளைக்குத்தானே" என்றார். கடைசியில் எங்கள் பெண் தன்னுடைய சொந்தக் கறுப்புக் கண்ணோடுதான் மணவறைக்குப் போனாள். படங்களில் நன்றாகவே இருக்கிறாள்.

நான் லென்ஸுக்கு எதிரி இல்லை. பல வருஷமாகப் போடுகிறவள். மழைக்காலத்தில் குட்ஷெட்டில் பஸ் ஏறி, கண்ணாடியில் ஆவி படிந்து, போர்டில் 'பேராதனை' என்று இருக்கிறதா 'கம்பளை' என்று இருக்கிறதா என்று தெரியாமல் நின்றவர்களுக்கு லென்ஸின் அருமை தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், கண்ணும் இருக்கவேண்டும்.

முதலில் லென்ஸ் உட்காரும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கருவிழிக்கு மேலே கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் படலம்தான் கோர்னியா. அரை மில்லிமீற்றர் தடிப்பு. அதில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் வெளிச்சம் தெளிவாக உள்ளே போகாது. அதனால் தனக்கு வேண்டிய ஒட்சிசனில் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாக நேரே காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் வில்லையை ஒட்டினால் காற்று குறையும். நாள் முழுக்க, வருஷக்கணக்காக மூச்சுத் திணறவைத்தால் வெள்ளைவிழியிலிருந்து மெல்லிய இரத்தக் குழாய்கள் கோர்னியாவுக்குள் வளரத் தொடங்கும். வலி இருக்காது. டொக்டர் பெரிதாக்கிக் காட்டும்போதுதான் தெரியும்.

மற்றத் தொல்லைகளும் உண்டு. கண் வறண்டுபோவது, மேல் இமையின் உட்புறம் சின்னச் சின்ன மேடுகளாகத் தடித்து அரிப்பது, நகம் பட்டுக் கீறுவது. இவற்றோடு ஓரளவு வாழ்ந்துவிடலாம், வைத்தியமும் இருக்கிறது. பயப்படவேண்டியது ஒன்றுக்குத்தான்: கோர்னியாவில் கிருமி புகுந்து புண்ணாவது.

எங்கள் பக்கத்தில் கண் புண் என்பது வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களின் வியாதியாகத்தான் இருந்துவந்திருக்கிறது. நெல் உமி தெறிக்கும், தேயிலை வாது கீறும், பூஞ்சணம் உள்ளே போகும். தென்னிந்தியாவிலும் அதே கதைதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வரும் கண் புண்களில் பூஞ்சணப் புண் பெரும் பங்கு. நட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்தா, வொரிகொனசோல் என்ற புதியதா என்று பார்த்த பெரிய பரிசோதனை அரவிந்த் மருத்துவமனைகளில்தான் நடந்தது. 2013-ல் முடிவு வெளிவந்தபோது பழையதுதான் வென்றிருந்தது. இப்போது கீறாமல், உமி படாமல், ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் அதே மாதிரிப் புண் வருகிறது என்றால், அதற்கு வழி திறந்துவிடுவது பெரும்பாலும் லென்ஸ். லென்ஸ் கோர்னியாவின் மேல்தோலைக் களைப்படையச் செய்கிறது, கிருமி தங்க இடமும் கொடுக்கிறது.

இனித் தண்ணீர் விஷயம். நான் அதிகம் சொல்லவேண்டியது இதைத்தான்.

அகந்தமீபா என்று ஓர் உயிரி இருக்கிறது. ஒற்றைக் கலம். மண்ணில், குளத்தில், ஆற்றில், தூசியில், பைப் தண்ணீரில் எங்கேயும் இருக்கும். பாக்டீரியாதான் அதற்குச் சாப்பாடு. சாதாரணக் கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது. ஆனால் லென்ஸுக்கடியில் மாட்டிக்கொண்டால் கோர்னியாவைத் தின்னத் தொடங்கும். நிலைமை சரியில்லை என்று தெரிந்தால் இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு உள்ளே முடங்கிவிடும். அந்த முடங்கிய நிலையில் பைப் தண்ணீரில் போடும் குளோரின் அளவெல்லாம் அதைக் கொல்லாது. கண்ணுக்குள்ளும் அதே வித்தையைக் காட்டுவதால் வைத்தியம் வாரக்கணக்கில் முடியாது. மாதக்கணக்கு, சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல். அமெரிக்காவில் இந்த நோய் வருகிற பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் லென்ஸ் போடுகிறவர்கள்.

1980களின் நடுவில் அங்கே இது திடீரென்று கூடியது. தேடிப் பார்த்தபோது, உப்பு மாத்திரையை வாங்கித் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் தண்ணீர் செய்தவர்கள் அதிகம் அகப்பட்டார்கள். காசு மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை. 2022-ல் டொலர் ஏறிச் சாமான் விலையெல்லாம் தலைசுற்றியபோது இங்கேயும் "கொதிச்சு ஆறின தண்ணியில உப்புப் போட்டா சரிதானே" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சரியில்லை. கொதித்து ஆறிய தண்ணீர் ஆறிய பிறகு கிருமி இல்லாமலே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, லென்ஸைக் கிருமிநீக்கும் சக்தி உப்புக்கும் கிடையாது.

பிரிட்டனில் இந்த நோய் மற்றப் பல நாடுகளைவிட அதிகம். ஏன் என்று தேடியவர்கள் போய் நின்ற இடங்களில் ஒன்று, வீட்டுக் கூரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தாங்கி. தாங்கியில் தண்ணீர் தேங்கும், அடியில் வண்டல் படியும், பாக்டீரியா வளரும், அமீபாவுக்கு விருந்து. இதை வாசித்தபோது எனக்கு ஹந்தானைப் பக்கத்து வீடுகள்தான் ஞாபகம் வந்தன. கண்டியில் மேட்டு வீடுகளில் எந்நேரமும் பைப்பில் தண்ணீர் வருவதில்லை. வரும்போது பிடித்துவைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறுப்புத் தாங்கி. அதைக் கடைசியாகக் கழுவியது எப்போது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் கேட்டேன், அதற்குப் பிறகு அன்று யாரும் என்னோடு பேசவில்லை.

தாங்கியை மாதாமாதம் கழுவச் சொல்லவில்லை. குடிக்க, குளிக்க அந்தத் தண்ணீர் போதும். கண்ணுக்குள் லென்ஸோடு சேர்ந்து போகக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு என்ன செய்வது? கையை சோப் போட்டுக் கழுவுகிறீர்கள் சரி, துடைத்து நன்றாகக் காயவையுங்கள். ஈரக் கையோடு லென்ஸைத் தொட்டால் தாங்கித் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் வைப்பதற்குச் சமம். லென்ஸ் பேசினில் விழுந்தால் பைப்பில் அலசிப் போடாதீர்கள். ஷவரில் லென்ஸோடு நிற்காதீர்கள். தோட்டத்துப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் பீலியில் தலையைக் கொடுத்து நிற்பதைப்போல ஒரு சுகம் கிடையாதுதான், கழற்றிவிட்டு நில்லுங்கள். மகாவலியில் குளிப்பதற்கும் அதேதான். பெட்டியையும் தண்ணீரில் கழுவவேண்டாம். சொலூஷன் ஊற்றித் தேய்த்து, சுத்தமான ரிஷூவால் துடைத்து, கவிழ்த்துக் காயவையுங்கள், பாத்ரூமில் இல்லாமல் வேறெங்காவது. மூன்று மாதத்துக்கொருமுறை பெட்டியை மாற்றுங்கள். சொலூஷன் போத்தலோடு அநேகமாகப் புதுப்பெட்டி ஒன்று இலவசமாகவே வரும். அதை அலுமாரியில் சேர்த்துவைத்துவிட்டு பழையதையே ஓட்டுகிறவர்களை என்ன சொல்ல!

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 2010-11-க்குப் பிறகு தென்கிழக்கு இங்கிலாந்தில் அகந்தமீபா நோய் ஏறக்குறைய மூன்று மடங்காகக் கூடியிருந்தது தெரிந்தது. சுத்தமாக இல்லாத பெட்டி, தண்ணீர் படுவது என்ற அதே காரணங்கள்தான். 2022-ல் அதே குழுவினர் இன்னொன்று சொன்னார்கள்: ஒருநாள் போட்டுத் தூக்கிப்போடும் லென்ஸைவிட, திரும்பத் திரும்பப் போடும் லென்ஸ்காரர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட நான்கு மடங்கு. டெய்லி லென்ஸ் விலை கூடத்தான். ஆனால் அதற்குப் பெட்டியும் வேண்டாம், சொலூஷனும் வேண்டாம். தினமும் போடாமல் விசேஷத்துக்கு மட்டும் போடுகிறவர்களுக்குக் கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம். கல்யாணப் பெண்ணுக்கு நிறம் வேண்டியே ஆகவேண்டும் என்றால், கண்ணை அளந்து, முத்திரை உடையாத டெய்லி கலர் லென்ஸ் வாங்கச் சொல்லுவேன்.

அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. "பவர் இல்லாத லென்ஸ்தானே, எதுக்கு செக் பண்ணணும்" என்பார்கள். பவர் பூச்சியமாக இருக்கலாம், வளைவு எல்லோருக்கும் ஒன்றில்லை. இறுக்கமாக உட்கார்ந்தால் காற்றுப் போகாது, தளர்ந்தால் உரசும். அமெரிக்காவில் 2005-லிருந்து நிறத்துக்கு மட்டும் போடும் லென்ஸும் சட்டப்படி மருத்துவ சாதனம். கண் பரிசோதித்தவரின் சீட்டு இல்லாமல் விற்கமுடியாது. இங்கே பேஸ்புக்கில் ஓர்டர் போட்டால் கூரியர்காரர் வாசலில் நிற்கிறார்.

சொலூஷன் இருந்தாலும் பழையதன்மேல் புதியதை ஊற்றி நிரப்புகிற பழக்கம் பலரிடம் உண்டு. அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 2005, 2006-ல் சிங்கப்பூரிலும் ஹொங்கொங்கிலும் அமெரிக்காவிலும் லென்ஸ் போடுகிறவர்களுக்கு பியூசேரியம் என்ற பூஞ்சணத்தால் கண் புண் வரிசையாக வந்தது. சிங்கப்பூரில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள், அமெரிக்காவில் உறுதியானவை 164. விசாரித்தபோது பவுஷ் அன்ட் லோம் கம்பனியின் 'ரீநியூ வித் மொய்ஸ்ச்சர்லொக்' என்ற சொலூஷனோடு தொடர்பு தெரிந்தது. 2006 மே மாதத்தில் உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். சொலூஷனில் குறை இருந்தது உண்மை. அதோடு, நோய் வந்தவர்களில் பழைய சொலூஷனைக் கொட்டாமல் திரும்பப் பாவித்தவர்கள் அதிகம் என்பதும் அமெரிக்க ஆய்வில் பதிவானது. பலருக்குக் கோர்னியா மாற்றவேண்டி வந்தது.

கோர்னியா என்றதும் இந்த நாட்டுக்காரி என்ற முறையில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961-ல் இலங்கைக் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964-ல் வெளிநாட்டுக்கு முதன்முதல் கண் போனது சிங்கப்பூருக்குத்தான். அதன்பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஆயிரமாயிரமாகப் போயிருக்கிறது. தானம் கொடுக்க இப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காக, நாம் பெட்டியைக் கழுவாமல் இருந்து அந்த வரிசையில் போய் நிற்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது தூக்கம். பேராதனைப் பல்கலைக்கழக ஹொஸ்டல் பிள்ளைகள் யாராவது இதை வாசிக்கிறீர்களா? பரீட்சைக்கு முந்தின இரவு குப்பி என்கிற கூட்டுப் படிப்பில் உட்கார்ந்து, விடியப்புறம் புத்தகத்தின் மேலேயே சாய்ந்துவிடுகிறவர்கள் லென்ஸோடுதான் சாய்கிறீர்கள். கண் மூடியிருக்கும்போது கோர்னியாவுக்குக் காற்று ஏற்கனவே குறைவு, இமையின் உட்பக்கத்திலிருந்து கிடைப்பதுதான். இடையில் லென்ஸும் இருந்தால் இன்னும் குறைவு. இமைக்காததால் கண்ணீரும் கழுவாது. 1989-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பகலில் மட்டும் மென் லென்ஸ் போடுகிறவர்களில் பத்தாயிரம் பேருக்கு வருஷத்துக்குச் சுமார் 4 பேருக்குப் புண் வந்தது; இரவிலும் போட்டுத் தூங்குகிறவர்களில் சுமார் 20 பேருக்கு. பிறகு ஒட்சிசன் அதிகம் விடும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ் வந்தது, இனிப் பயமில்லை என்றார்கள். 2008-ல் அவுஸ்திரேலியாவில் எண்ணிப் பார்த்தபோது தூங்குகிறவர்களின் கணக்குக் குறையவே இல்லை.

தெரிந்த ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் வந்தது. காலையில் கண் சிவப்பு, மத்தியானம் வெளிச்சம் பார்க்கமுடியவில்லை, இரவுக்குள் கருவிழியில் அரிசிக் குருணை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கிளினிக்கில் ஒரஞ்சுச் சாயம் தோய்ந்த காகிதக் கீற்றைக் கீழ் இமையில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். புண் இருந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. மரத்துப்போகும் சொட்டு விட்டு, சின்னக் கத்தி முனையால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி லாபுக்கு அனுப்பினார்கள். பிறகு மணிக்கொருதரம் சொட்டு மருந்து, இராத்திரியிலும். அம்மா போனில் அலாரம் வைத்து எழும்பி எழும்பி விட்டார். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. அது ஓரிரு நாளிலேயே கோர்னியாவைக் கரைத்து ஓட்டை போட்டுவிடக்கூடியது. இந்தப் பிள்ளை அன்றைக்கே போனதால் தப்பியது. தழும்பு ஓரத்தில் விழுந்ததால் பார்வைக்குப் பெரிய பங்கமில்லை. நடுவில் விழுந்திருந்தால் கதை வேறு.

பெரஹராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பந்தத்தில் கொப்பரை எரியும்போது வரும் புகையும் கரியும் தலதா வீதியோரம் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணில்தான் படியும். அந்த இரவுகளில் நான் கண்ணாடிதான் போடுவேன். யானைக்கு நான் அழகாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

லென்ஸே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கெரட்டோகோனஸ் என்று ஒரு நிலை இருக்கிறது. பதின்ம வயதில் கோர்னியா மெலிந்து கூம்புபோல முன்னால் தள்ளும். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கலாம். அவர்களில் பலருக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்துத் தெளியாது. கடினமான வகை லென்ஸ் போட்டதும் கரும்பலகை தெரியத் தொடங்கும். அவர்களுக்கு லென்ஸ் அலங்காரப் பொருள் அல்ல, படிப்பே அதில்தான். நம் பிள்ளைகள் ஓயாமல் கண் கசக்கினால் தட்டிவிடாமல் ஒருதரம் காட்டுவது நல்லது.

கடைசியாக, கண் சிவந்தால் நம்மவர்கள் செய்யும் வைத்தியங்கள். நந்தியாவட்டைப் பூவை நனைத்து வைப்பது, தாய்ப்பால் விடுவது, தேன் விடுவது. பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். லென்ஸ் போடும் கண்ணுக்கு எதுவும் வேண்டாம் மாமி, என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அதைவிட மோசம் பார்மஸியில் போய் "கண் சிவந்திருக்கு, ஏதாவது ட்ரொப்ஸ் தாங்க" என்பது. ஸ்டீரொயிட் கலந்த சொட்டு விட்டால் சிவப்பு மளமளவென்று குறையும், உள்ளே பூஞ்சணமும் அமீபாவும் கொண்டாடும். அகந்தமீபாவை ஆரம்பத்தில் டொக்டர்களே ஹெர்பீஸ் வைரஸ் என்று நினைத்துவிடுவதுண்டு. அதனால் லென்ஸ் போடுகிறவர் என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பார்த்தால் சின்னச் சிவப்பு, வலியோ தாங்கமுடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

சிவப்பு, வலி, வெளிச்சம் கூசுதல், மங்கல் இவற்றில் எது வந்தாலும் முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். மறு கண்ணிலிருந்தும் கழற்றுங்கள். தூக்கி வீசவேண்டாம், லென்ஸையும் பெட்டியையும் சொலூஷன் போத்தலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, விடியட்டும் என்று பார்க்காமல் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ, பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ, எது கிட்டவோ அங்கே போய்விடுங்கள். என்ன கிருமி என்று கண்டுபிடிக்க அந்தப் பெட்டியே சிலவேளை உதவும்.